அந்தப் பையன் காதைப் பொத்திக்கொள்ளட்டும்: பழைய உளவுப் படங்களை வட்டில் கொண்டுவருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்டுடியோக்களின் வீட்டு வீடியோப் பிரிவில் இருப்பவர்களுக்கும், பழைய நெகட்டிவைக் கையில் எடுத்து வேலை பார்க்கும் சீரமைப்புக் கலைஞர்களுக்கும்,

வணக்கம். முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன், குறை அப்புறம். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ 1959இல் வந்த உளவுப் படம். அதன் மூல நெகட்டிவையே எடுத்து 13கே அளவில் (ஒரு ‘கே’ என்பது அகலவாக்கில் சுமார் ஆயிரம் புள்ளி) ஸ்கேன் செய்து, 6.5கே அளவில் வைத்துச் சீரமைத்து, 2024 நவம்பரில் 4கே வட்டாகக் கொண்டுவந்தார்கள். அறுபத்தைந்து வருஷத்துப் படம் ஒன்றுக்கு இவ்வளவு மெனக்கெட ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். எல்லாப் படத்துக்கும் இந்த யோகம் கிடைப்பதில்லை.

13கே என்றால் வெறும் விளம்பர எண் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஆனால் இந்தப் படத்துக்கு அந்த அளவு உண்மையிலேயே தேவை. விஸ்டாவிஷன் என்ற முறையில் எடுத்த படம் இது, பாரமவுன்ட் 1954இல் கொண்டுவந்தது. சாதாரண 35 மி.மீ. கேமராவில் ஃபிலிம் மேலிருந்து கீழே ஓடும், ஒரு ஃப்ரேமுக்கு ஃபிலிமின் ஓரத்தில் நான்கு துளை. விஸ்டாவிஷனில் அதே ஃபிலிம் பக்கவாட்டில் ஓடும், ஒரு ஃப்ரேமுக்கு எட்டுத் துளை. அதனால் ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. ராபர்ட் பர்க்ஸ் ஒளிப்பதிவு செய்த அத்தனை விவரமும் அந்த நெகட்டிவில் அப்போதிருந்தே இருக்கிறது. ஆனால் அன்று தியேட்டரில் பார்த்தவர்களில் பெரும்பாலோர் பார்த்தது, அதைச் சாதாரண 35 மி.மீ.க்குச் சுருக்கி அச்சடித்த பிரதியைத்தான். ஆக, வீட்டில் நல்ல திரையில் இந்த வட்டைப் போடுகிற ஒருவர், 1959இல் டிக்கெட் வாங்கிப் போனவர் பார்த்ததைவிடக் கூடுதலாகவே சில விஷயங்களைப் பார்க்கிறார்.

நான் இந்த மடலை எழுதுவதற்குக் காரணமே இதுதான். தெளிவு கூடக்கூட, மறைந்திருந்த ஒட்டும் தையலும் வெளியே தெரிகின்றன. தெரிந்ததும் யாருக்காவது அதைச் சரிசெய்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். இப்போது அதற்கான கருவிகளும் சுலபமாகக் கிடைக்கின்றன. அந்தக் கையைக் கட்டிப்போடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஒரு உதாரணம். அமெரிக்க ஜனாதிபதிகளின் முகங்களைச் செதுக்கிய ரஷ்மோர் மலை அடிவாரத்து உணவு விடுதியில், நாயகி ஈவா மேரி செயின்ட் கைத்துப்பாக்கியை எடுத்து நாயகன் கேரி கிராண்டைச் சுடும் காட்சி. அவர் சுடுவதற்குக் கொஞ்சம் முன்னால், பின்னணியில் ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கும் சிறுவன் இரண்டு காதிலும் விரலை வைத்துப் பொத்திக்கொள்வான். ஒத்திகையில் அந்தச் சத்தத்தை ஏற்கெனவே கேட்டிருப்பான், பாவம், மறுபடியும் வரப்போகிறது என்று அவனுக்குத் தெரியும். படத்தில் இருக்கும் பெரியவர்கள் ஒருவருக்கும் தெரியாத ரகசியம் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. படம் பார்க்கும் கூட்டத்தில் இது பல வருஷமாகப் பேசப்படுகிற விஷயம். 4கேயில் அவன் இன்னும் நன்றாகத் தெரிகிறான். கணினியில் அரைநாள் வேலையில் அந்தக் கையைக் கீழே இறக்கிவிடலாம். தயவுசெய்து யாரும் இறக்காதீர்கள். அந்தச் சிறுவன் உண்மையிலேயே அங்கே உட்கார்ந்திருந்தான், உண்மையிலேயே பயந்தான், எடிட்டிங்கில் பார்த்தவர்கள் கவனிக்கவில்லை அல்லது கவனித்தும் விட்டுவிட்டார்கள். அந்த நாள் படப்பிடிப்பு எப்படி நடந்தது என்பதற்கு அந்த விரல்கள்தான் சாட்சி.

இன்னொன்று, ரயிலில் சாப்பாட்டு மேசைக் காட்சி. வெறும் வயிற்றில் காதலைப் பற்றிப் பேசுவதில்லை என்று ஈவா மேரி செயின்ட் சொல்வதாக நம் காதில் விழுகிறது. உதட்டைப் பாருங்கள், பேசுவதைப் பற்றி அந்த உதடு ஒன்றும் சொல்லவில்லை, அதைவிடத் துணிச்சலான வேறொரு வினைச்சொல்லைச் சொல்கிறது. தணிக்கைக்குப் பயந்து அந்த ஒரு சொல்லை மட்டும் பிறகு குரல் மாற்றிப் போட்டார்கள். 1959இல் ஹாலிவுட்டில் ஒரு பெண் பாத்திரம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதைப் புத்தகம் புத்தகமாகப் படிப்பதைவிட, உதடும் ஒலியும் ஒத்துப்போகாத அந்த ஒரு நொடியைப் பார்த்தால் சட்டென்று புரியும். இன்றைக்கு உதட்டசைவை ஒலிக்கு ஏற்றபடி மாற்றும் மென்பொருள் வந்துவிட்டது. அதை இந்தக் காட்சிப் பக்கம் கொண்டுவராதீர்கள். பழைய சொல்லைத் திரும்ப வைக்கிறோம் என்று கிளம்பவும் வேண்டாம். வெளியான படம் வெளியானபடி இருக்கட்டும்.

சரி, அப்படியென்றால் எதையும் தொடக் கூடாதா என்று கேட்பீர்கள். தொடுங்கள், தாராளமாகத் தொடுங்கள். என் கணக்கு எளிது. படம் முடிந்து வெளிவந்த பிறகு ஃபிலிமுக்கு நேர்ந்தது எல்லாம் போகலாம்: தூசி, கீறல், கிழிசல், நிறம் மங்கியது, ஃப்ரேம் ஆடுவது. அந்தக் காலத்து ஈஸ்ட்மன்கலர் நெகட்டிவ்கள் நிறம் மங்கும் சுபாவம் உள்ளவை, அதைச் சரிசெய்ய உங்கள் திறமை முழுக்க வேண்டும். ஆனால் கேமராவுக்கு முன்னால் இருந்ததும், படத்தை முடிக்கும்போது அந்த ஆட்கள் கையால் செய்து வைத்ததும் படத்தைச் சேர்ந்தவை. அதில் நமக்கு உரிமை கிடையாது.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அது லேசான வாதம் இல்லை. ஐக்கிய நாடுகள் சபைக் கட்டடத்திலிருந்து தார்ன்ஹில் (கேரி கிராண்டின் பாத்திரம்) ஓடுவதை உச்சியிலிருந்து பார்க்கும் அந்த ஷாட் பெரும்பாலும் ஓவியம். வில்லனாக வரும் ஜேம்ஸ் மேசனின் பாத்திரம் தங்கியிருக்கும், மலையிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் அந்த அழகான வீடு எந்த மலையிலும் இருந்ததில்லை, பாதி செட், பாதி ஓவியம். ரஷ்மோர் மலை முகங்களில் தொங்குவது ஸ்டுடியோவுக்குள் கட்டிய பாறையில். குடிபோதையில் கார் ஓட்டும் காட்சியில் பின்னால் ஓடும் சாலை, திரையில் போட்ட வேறொரு படம். இதையெல்லாம் செய்தவர்கள், சுருக்கி அச்சடித்த பிரதியில் எது தெரியும் எது தெரியாது என்று கணக்குப் போட்டுத்தான் செய்தார்கள். 4கேயில் தூரிகைத் தடம் தெரிந்தால் அது அவர்கள் நோக்கத்துக்கே விரோதம், ஆகவே மறைப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று ஒருவர் சொல்லலாம்.

எனக்கு இது ஒப்பவில்லை. மறைக்க ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாது. இன்றைக்கு ஓவியத்தின் ஓரத்தை மென்மையாக்குவீர்கள், நாளைக்கு வேறொருவர் ஓவியத்தையே எடுத்துவிட்டுக் கணினியில் புதுக் கட்டடம் வைப்பார். அதோடு, அந்த ஓவியத்தை வரைந்த கைக்குப் படத்தின் பெயர்ப்பட்டியலில் பெயர்கூட வரவில்லை. தூரிகைத் தடம் தெரிந்தால் தெரியட்டும். யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார் என்பது தெரிவதில் என்ன நஷ்டம்? நான் அந்த ஷாட்டை ஒவ்வொரு முறையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன், எறும்பு மாதிரி ஓடும் அந்த ஒரு உருவத்தைச் சுற்றி எவ்வளவு பொறுமையாக ஒரு நகரத்தையே தீட்டியிருக்கிறார்கள் என்று.

மற்றப் படங்களைவிட உளவுப் படத்துக்கு இது ஏன் முக்கியம் என்றால், இந்த வகைக் கதைகளே சின்னப் பொருளில்தான் நிற்கின்றன. மேசன் வீட்டுக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மாடியில் ஒளிந்திருக்கும் தார்ன்ஹில், தன் பெயரெழுத்து மூன்றும் பொறித்த தீப்பெட்டி அட்டையில் எச்சரிக்கை எழுதிக் கீழே போடுகிறார். அது கம்பளத்தில் விழுகிறது. வில்லனின் ஆள் அதை எடுத்து, என்னவென்று பார்க்காமலேயே மேசையில் வைக்கிறான். ஈவா மேரி செயின்ட் அதைப் பார்ப்பாரா மாட்டாரா என்று நமக்கு மூச்சு நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் வீட்டு வேலைக்காரப் பெண்மணி, அணைத்துக் கிடக்கும் தொலைக்காட்சியின் கறுப்புக் கண்ணாடியில் தார்ன்ஹில்லின் பிரதிபலிப்பைக் கண்டுவிடுகிறாள். கறுப்புக்குள் கறுப்பாக ஒரு ஆள் உருவம், அவ்வளவுதான் காட்சி. இருட்டுப் பகுதியை ஹெச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் முறை) பெயரில் தூக்கி வெளிச்சமாக்கினால் அந்த உருவம் சீக்கிரமே தெரிந்து பரபரப்பு போய்விடும். வட்டுக்குள் அடக்குவதற்காக அதிகம் அமுக்கினால் கறுப்பு கட்டங்கட்டமாகச் சிதறி உருவமே தெரியாமல் போகும். அந்தத் தொலைக்காட்சித் திரையைச் சரியாகக் காட்டிவிட்டார்கள் என்றால் அந்த வட்டை நான் நம்புவேன்.

கிரெயின் விஷயத்துக்கு வருகிறேன். படத்தில் ஓடும் அந்த நுண்ணிய துகள்தான் பிம்பமே, பிம்பத்தின் மேல் படிந்த அழுக்கு இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ பேர் ஓய்ந்துவிட்டார்கள், ஆனாலும் துடைத்தெடுத்த வட்டுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2024இல் வந்த ‘ட்ரூ லைஸ்’ 4கே வட்டு நினைவிருக்கும், அதுவும் உளவுப் படம்தான். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கூர்மையாக்கியதில் முகங்கள் மெழுகு பூசினாற்போல் ஆகிவிட்டன என்று உலகம் முழுக்க ரசிகர்கள் குறைபட்டார்கள். 1994 படத்துக்கே இந்தக் கதி என்றால் அறுபதுகளின் படங்களுக்கு என்ன ஆகும் என்ற பயம் எனக்கு அன்றிலிருந்து இருக்கிறது.

ஏனென்றால் அறுபதுகளின் உளவுப் படங்கள் எல்லாம் ஒரே தோல் உள்ளவை இல்லை. விஸ்டாவிஷனில் ஒரு ஃப்ரேமுக்கு எட்டுத் துளை என்றேன். 1965இல் வந்த ‘தி இப்க்ரெஸ் ஃபைல்’ டெக்னிஸ்கோப்பில் எடுத்தது, அதில் ஒரு ஃப்ரேமுக்கு இரண்டே துளை. சிக்கனமான முறை, ஃப்ரேம் சின்னது, அதனால் கிரெயின் தடிமனாகத்தான் தெரியும். ஓட்டோ ஹெல்லரின் கேமரா விளக்குக்குப் பின்னாலும் தோளுக்குப் பின்னாலும் ஒளிந்துகொண்டு மைக்கேல் கெய்னை வேவு பார்க்கும், லண்டன் அலுவலகங்கள் மங்கலாக, புழுக்கமாக இருக்கும். அந்தச் சொரசொரப்பு போனால் படத்தின் பாதி போயிற்று. அதே 1965இல் வந்த ‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்’ கறுப்பு வெள்ளை, ஆஸ்வால்ட் மாரிஸ் ஒளிப்பதிவு. அதில் முழுக்கறுப்பும் முழுவெள்ளையும் அபூர்வம், எல்லாமே ஒரு சோர்ந்த சாம்பல். ஹெச்டிஆர் இருக்கிறதே என்று அதில் பளபளப்பு ஏற்றினால் ரிச்சர்ட் பர்ட்டனின் முகத்தில் இருக்கும் களைப்பு காணாமல் போய்விடும். மூன்றும் உளவுப் படம், மூன்றும் கிட்டத்தட்ட ஒரே காலம், மூன்றுக்கும் மூன்று விதமான கை வேண்டும். ஒரு படத்துக்கு வைத்த அளவை அடுத்ததற்கும் அப்படியே போட்டுவிடாதீர்கள்.

நிறத்தைப் பற்றி ஒரே வார்த்தை. கேரி கிராண்டின் அந்தக் கோட் சாம்பலா, நீலம் கலந்த சாம்பலா என்று ரசிகர்கள் சண்டை போடுவது சும்மா இல்லை, பதிப்புக்குப் பதிப்பு அது மாறுவதால்தான். அந்தக் காலத்து டெக்னிகலர் சாயப் பிரதி (சாயத்தை அச்சிட்டுத் தயாரித்த தியேட்டர் பிரதி) எங்காவது நல்ல நிலையில் இருந்தால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறம் பாருங்கள். இன்றைய படங்களின் நிறத்துக்கு அதை இழுக்காதீர்கள்.

ஒலியில்தான் எனக்கு மனத்தாங்கல் அதிகம். ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’டில் பயிர்மருந்து அடிக்கும் விமானம் தார்ன்ஹில்லைத் துரத்தும் காட்சியை எல்லோரும் கண்ணால் நினைவு வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். பெர்னார்ட் ஹெர்மன் மாதிரி ஒருவர் இசையமைத்த படத்தில், படத்திலேயே பெரிய காட்சிக்கு இசையே கிடையாது. பேருந்து இறக்கிவிட்டுப் போகும் சத்தம், கார் ஒன்று தூரத்தில் தொடங்கி, பக்கத்தில் வந்து, கடந்து போகும் சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. எதிர்ப்பக்கம் நிற்கும் ஆள் பயிரே இல்லாத இடத்தில் மருந்தடிக்கிறதே என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறிப் போய்விடுகிறார். பிறகு எஞ்சின் சத்தம் மட்டும். விமானம் எண்ணெய் லாரியில் மோதி வெடித்த பிறகுதான் ஹெர்மனின் இசை பீறிட்டு வருகிறது. இத்தனையையும் ஒரே ஒலிபெருக்கிக்காகக் கலந்து வைத்தார்கள். எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை ஒலியின் அளவாலேயே சொல்கிறார்கள், திசையால் இல்லை.

அட்மாஸில் (மேலிருந்தும் சுற்றியும் ஒலி வரும் முறை) விமானத்தைத் தலைக்கு மேல் பறக்கவிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை, பலருக்கு அது பிடிக்கிறது, புதிதாகப் பார்க்க வருகிறவர்களை உட்கார வைக்கிறது. ஆனால் அதே வட்டில், அதே தரத்தில், அமுக்கிக் குறைக்காமல், அசல் மோனோவும் (அந்த ஒற்றை ஒலித்தடம்) இருந்தே ஆக வேண்டும். பெட்டியின் பின்பக்கத்தில் அது எழுத்தில் இருக்கட்டும். ‘வெர்டிகோ’வை 1996இல் ராபர்ட் ஹாரிஸும் ஜேம்ஸ் காட்ஸும் சீரமைத்தபோது பிம்பத்தைக் காப்பாற்றியது பெரிய காரியம், அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் ஸ்டீரியோவுக்காகக் காலடிச் சத்தம், துப்பாக்கிச் சத்தம் என்று புதிதாகப் பதிவு செய்து சேர்த்தார்கள். ஹிட்ச்காக் படத்தில் ஹிட்ச்காக் கேட்டே இராத துப்பாக்கிச் சத்தம். அதைப் பற்றிய விவாதம் இன்றுவரை அடங்கவில்லை. பிறகு வந்த பதிப்புகளில் அசல் மோனோவைச் சேர்த்தபோதுதான் பலருக்கு நிம்மதி. அந்தப் பாடத்தை ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை.

வட்டு எதற்கு, இணையத்தில் போட்டால் போதாதா என்று உங்கள் நிறுவனங்களுக்குள்ளேயே கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, கிரெயின் நிறைய இடம் கேட்கும். 4கே வட்டில் 66 ஜிபி, 100 ஜிபி என்று இடம் இருக்கிறது. 136 நிமிடம் ஓடும் ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’டை அதில் மூச்சுவிட விட்டுப் பதியலாம், இணையத்தில் வரும் ஓடையில் அந்த வசதி இல்லை, கிரெயின்தான் முதல் பலி. இரண்டு, வட்டில் இருப்பதை யாரும் ராத்திரியோடு ராத்திரியாக மாற்ற முடியாது. ‘தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்’ படத்தில் ஒரு சிறு பகுதியை எந்த அறிவிப்பும் இல்லாமல் எடுத்துவிட்ட பிரதி 2023இல் இணையத்தில் ஓடியது. பழைய வட்டு வைத்திருந்தவர்களால்தான் என்ன போயிற்று என்று ஒப்பிட்டுச் சொல்ல முடிந்தது.

கூடுதல் அம்சங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’டுக்குத் திரைக்கதை எழுதிய எர்னஸ்ட் லேமன் முழுப் படத்துக்கும் உட்கார்ந்து விளக்கவுரை பேசியிருக்கிறார், 2000ஆம் ஆண்டு டிவிடிக்காக. அவர் 2005இல் இறந்துவிட்டார், அந்தக் குரல் இனி ஒருமுறை கிடைக்காது. அதே டிவிடிக்காக ஈவா மேரி செயின்ட் தொகுத்து வழங்கிய ஆவணப்படமும் உண்டு. ஹெர்மனின் இசையை மட்டும் தனியாகக் கேட்கும் தடம் ஒன்றும் இருந்தது, எனக்கு அது உயிர். பொதுவாகவே புதுப் பதிப்பு வரும்போது பழைய பதிப்பில் இருந்த ஏதோ ஒன்று சத்தமில்லாமல் விழுந்துவிடுகிறது, உரிமம் தீர்ந்தது, இடம் இல்லை என்று ஏதாவது காரணம். அதனால் என்னைப் போன்றவர்கள் ஒரே படத்துக்கு மூன்று பெட்டிகளை அலமாரியில் வைத்திருக்கிறோம். உரிமம் பேசும்போதே நீண்ட காலத்துக்குப் பேசுங்கள். படத்தில் வேலை செய்த யாராவது இன்னும் இருந்தால், பெரிய நட்சத்திரம் என்று இல்லை, உதவியாளராகவோ சின்ன வேஷம் போட்டவராகவோ இருந்தாலும், போய் ஒரு மைக்கை வைத்துப் பேச வையுங்கள். இருபது நிமிடம் போதும்.

மண்டலப் பூட்டு என்று ஒரு தொல்லை, ஒரு நாட்டில் விற்ற வட்டு வேறு மண்டலத்துக் கருவியில் ஓடாதபடி செய்வது. 4கே வட்டுக்கு அது கிடையாது, நல்லது. ஆனால் கூடுதல் அம்சங்களைக் கூடவே வரும் ப்ளூரேயில் போட்டு, அதற்கு மட்டும் பூட்டுப் போட்டால், வேறு மண்டலத்தில் இருப்பவருக்குப் பாதிப் பெட்டி பயனில்லை. அதை எடுத்துவிடுங்கள். அலங்காரத் தகரப் பெட்டி, எண்ணிட்ட சிறப்புப் பதிப்பு எல்லாம் போடுங்கள், அதை விரும்புகிறவர்கள் வாங்கட்டும். ஆனால் சாதாரண உறையில் ஒரு பதிப்பு எப்போதும் அச்சில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், செலவு அதிகம் இல்லாதது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இரண்டு பக்கம் எழுதி வையுங்கள். எந்த நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்தீர்கள், எந்தெந்தப் பகுதிக்கு மூலம் கெட்டுப்போய் வேறு பிரதியை எடுக்க வேண்டி வந்தது, நிறத்துக்கு எதை ஆதாரமாக வைத்தீர்கள், கிரெயினைத் தொட்டீர்களா, ஒலிக்கு எந்த நாடா, எதை நீக்கினீர்கள், எதை நீக்கலாமா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டீர்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தவர்கள் பெயரையும் அதில் போடுங்கள், நாங்கள் அதையும் படிப்போம்.

இப்படிக்கு,
உளவுப் படங்களை வட்டில் தேடித்தேடிச் சேர்க்கும் ஒரு ரசிகர்